ஒரு பேட் மட்டும் தேய்ந்தால்...

கேள்வி: என் 160 சிசி பைக்கில் பின்பக்க டிஸ்க் பிரேக்கை மிதித்தால் 'கிர்ர்' என்று இரும்பு உரசுகிற சத்தம். குனிந்து பார்த்தால் உள்பக்கத்து பேட் தகடு வரை தேய்ந்திருக்கிறது, மற்றது பாதிக்கு மேல் பாக்கி. புது செட் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாமா?
- வாசகர், திண்டுக்கல்

தாராளமாக மாட்டலாம். ஆனால் பேடை மட்டும் மாற்றினால் சீக்கிரமே திரும்ப இதே சத்தம் வரும். பெரும்பாலான பைக்குகளில் பின்பக்க காலிப்பருக்கு (பேட்களை வைத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது தன் பக்கத்து பேடை டிஸ்க்கில் அழுத்த, மொத்த காலிப்பரும் ஸ்லைடர் பின்கள் மேல் நகர்ந்து மறுபக்கத்து பேடையும் இழுத்து ஒட்டவைக்கும். சேறும் மழைத்தண்ணியும் ஏறி அந்தப் பின்கள் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது, ஒரு பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். உங்கள் வண்டியில் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

பேடைப் பிடித்திருக்கிற பேட் பின்னை, காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அலன் கீ போட்டால் அது வழுக்கித் தலைதான் மழுங்கும். அப்புறம் காலிப்பரைக் கழற்றி ஸ்லைடர் பின்னை இழுத்துப் பாருங்கள், தங்குதடையில்லாமல் வரவேண்டும். துரு இருந்தால் நைஸ் எமரி பேப்பரில் தேய்த்து, துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வீட்டில் கிடக்கிற சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும்.

புது பேட் தடிமனாக இருக்கும், எனவே பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியில் அழுக்கைத் துடைக்காமல் தள்ளினால் சீல் போய்விடும். தள்ளும்போது பிரேக் ஃப்ளூயிட் டப்பாவில் மட்டம் ஏறும். மூடியைத் திறந்துவைத்து சுற்றித் துணி கட்டுங்கள், ஃப்ளூயிட் வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். காலிப்பர் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது (வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்), பிஸ்டன் வெளியே வந்து விழும்.

தகடு உரசியிருக்கிறதே, டிஸ்க்கையும் பாருங்கள். அதிலேயே குறைந்தபட்ச தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தாலோ நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தாலோ டிஸ்க்கும் மாற்ற வேண்டியதுதான். புது பேடில் எண்ணெய்க் கை பட வேண்டாம்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் சில மிதிக்கு அது வெறுமனே இறங்கும், பிரேக்கே பிடிக்காது. மறந்து தெருவில் இறங்கினால் அவ்வளவுதான். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு அழுத்திப் பிடிக்காதீர்கள்.

கேள்வி: காரில் பின்பக்க பேட் மாற்றும்போது சி-கிளாம்ப் போட்டு இறுக்கியும் பிஸ்டன் உள்ளே போக மாட்டேன் என்கிறது. என்ன கோளாறு?
- வாசகர், ஓசூர்

அநேகமாகக் கோளாறு இல்லை, இத்தோடு நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் அந்தக் காலிப்பரிலேயே சேர்ந்திருந்தால் பிஸ்டனைத் தள்ளினால் போகாது, அதற்குரிய டூலை வைத்துத் திருகிக்கொண்டேதான் உள்ளே அனுப்ப வேண்டும். பலவந்தம் செய்தால் உள்ளே இருக்கிற மெக்கானிசம் போய்விடும். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டீர்களா என்றும் பாருங்கள், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு. பட்டனில் இயங்குகிற பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் அதை சர்வீஸ் மோடில் போட வேண்டும், பல கார்களில் அதற்கு ஸ்கேனர் தேவை. அந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.