சாமி கண்ணைக் குத்துமா?

கேள்வி: 'சாமி கண்ணைக் குத்தும்' என்று சொல்லி வளர்த்த தலைமுறை ஒழுக்கமாக இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குத் தெய்வ பயமே இல்லை. மனிதனை மனிதன் மதிக்காமல் போனதற்கு இதுதானே காரணம்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: கண்ணைக் குத்தும் சாமி எந்த ஊரில் இருக்கிறது ஐயா? எனக்குத் தெரிந்த பெரிய கண் கதை காளத்தியில் நடந்தது. அங்கே ரத்தம் வழிந்தது சாமியின் கண்ணில். பச்சிலை பிழிந்து பார்த்தும் நிற்காததால் வேடன் திண்ணன் தன் கண்ணை இடந்து அப்பினான். மறு கண்ணிலும் ரத்தம் வந்தது. இடம் தெரிவதற்காகச் சாமியின் முகத்தில் காலை ஊன்றிக்கொண்டு இன்னொரு கண்ணையும் எடுக்கப் போனான். 'நில்லு கண்ணப்ப' என்று சாமியின் கை வந்து தடுத்தது. வாயில் நீர் கொண்டு வந்து குளிப்பாட்டி, மென்று ருசி பார்த்த கறியைப் படைத்தவன் அவன். அதைக் கண்டு துடித்துப்போனவர் அங்கே பூசை செய்துவந்த, ஆசாரம் தவறாத சிவகோசரியார். சாமி துடிக்கவில்லை.

சுந்தரர் பார்வையை இழக்கவில்லையா என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். இழந்தார். பிரியமாட்டேன் என்று திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்கு. ஒரு பெண்ணை ஏமாற்றியதைச் சாமி பெரிய குற்றமாக எடுத்துக்கொண்டார் என்பதை நான் கொண்டாடுகிறேன். அப்புறம் சுந்தரர் அதே சாமியோடு மல்லுக்கு நின்று, திட்டிப் பாடி, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் வாங்கினார். திட்டியவரைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம். இதில் நீங்கள் சொல்லும் பயம் எங்கே இருக்கிறது?

ஒழுக்கமான தலைமுறை என்கிறீர்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனார். அதுவரை அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது தெய்வ பயம் மிகுந்த அந்தத் தலைமுறைதான். அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள் என்பதற்காகப் பூசை செய்யமாட்டோம் என்று ஒதுங்கிய பட்டர்களும் பயந்தவர்கள்தான். தீட்டுப் பார்க்கிற சாமியை மனத்தில் வைத்திருந்தால் பக்கத்துத் தெருக்காரனைத் தீட்டாகத்தான் பார்க்க முடியும்.

நந்தனார் கதையைச் சொன்னால் என்மேல் கோபப்படுகிற வாசகர்கள் உண்டு. இருக்கட்டும், மறுபடியும் சொல்கிறேன். அந்த ஒரே கதையில் இரண்டு சாமி இருக்கிறது. திருப்புன்கூர் சாமி, வெளியே நின்ற நந்தனுக்குத் தெரியட்டும் என்று நந்தியை விலகச் சொன்னது. தில்லையிலோ நெருப்பில் மூழ்கி வா என்று கனவில் கட்டளை வருகிறது. நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டில் எதைப் பிடித்துக்கொண்டார்கள்? நெருப்பை. நந்தி இன்றைக்கும் திருப்புன்கூரில் விலகித்தான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அப்படியே தெற்கே, குமரி மாவட்டத்துச் சாமித்தோப்புக்கும் போய் வாருங்கள். அய்யா வைகுண்டர் 1809இல் பிறந்து 1851இல் மறைந்தவர். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் போட்டது. தலையில் துணி கட்டக்கூடாது என்று அடக்கி வைத்திருந்த ஆண்களைத் தலைப்பாகையோடு வந்து கும்பிடச் சொன்னார். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார். அவர் வழி வந்தவர்களின் பள்ளியறையில், அதாவது கருவறையில், கண்ணாடி இருக்கிறது. கும்பிடப் போகிறவன் அதில் தன் முகத்தைப் பார்க்கிறான், வரிசையில் பின்னால் நிற்பவனும் அதே கண்ணாடியில்தான் பார்க்கிறான். இதில் யாரைத் தள்ளி நிற்கச் சொல்வது? 1927இல் கேரளத்தில் களவங்கோட்டில் நாராயண குருவும் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார்.

வைகுண்டர் காணிக்கையும் வேண்டாம் என்றார். இதை எழுதும்போது எனக்குக் கட்டண தரிசனம் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது. கைக்குழந்தையோடு ஒருத்தி பொது வரிசையில் கால் கடுக்க நிற்கிறாள். நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கியவர் அவளைத் தாண்டிக் கர்ப்பகிருகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். பணம் கொடுத்தால் கிட்டே வரலாம் என்று சாமியின் பெயரால் நாமே பலகை எழுதி மாட்டியிருக்கிறோம். அந்தக் குழந்தை இதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறது. இந்தக் கட்டணச் சீட்டு விற்கும் இடங்களை மூடுங்கள் என்று பலமுறை எழுதிவிட்டேன். மூடும்வரை எழுதுவேன். நீங்களும் அறநிலையத் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள்.