மாமாவைப் பிடித்துப்போனது வந்தாறுமூலையிலா, சத்துருக்கொண்டானிலா?

தங்கச்சி, 1990 செப்டெம்பரில் மாமாவைக் கொண்டுபோன இடம் வந்தாறுமூலையா சத்துருக்கொண்டானா என்று அம்மாவுக்கே குழப்பம் என்று எழுதியிருந்தீங்க. இரண்டும் நாலு நாள் இடைவெளியில், மட்டக்களப்பில் திருகோணமலை ரோட்டில் நடந்தவை. குழம்பத்தான் செய்யும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அப்போது அகதி முகாம். செப்டெம்பர் 5 அன்று இராணுவம் சனத்தை வரிசையில் நடக்கவிட்டு, தலையாட்டிகளை (முகம் மூடி, தலையசைத்து ஆள் காட்டிக்கொடுப்பவர்களை) கொண்டு ஆள் பிரித்தது. 158 பேரை பஸ்ஸில் ஏற்றிப்போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை.

சத்துருக்கொண்டான் 9ஆம் திகதி அந்தியில். பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் சனங்களும் அதில் அடக்கம். பெண்கள், கைக்குழந்தைகள் உட்பட 184 பேரை இராணுவம் வீடுகளில் இருந்து கொண்டுபோய்க் கொன்றது.

அதனால் அம்மாவிடம் திகதி கேட்காதீங்க. "அகதி முகாமில் இருந்தா, வீட்டில் இருந்தா? கூடப் பெண்டுகள் பிள்ளைகளையும் கொண்டுபோனாங்களா?" என்று கேளுங்க. அகதி முகாம் என்றால் வந்தாறுமூலைதான். வயதானவங்க திகதியை மறந்தாலும் யார் பக்கத்தில் நின்றது என்பதை மறக்கமாட்டாங்க.

பிறகு வீட்டுப் பெட்டியில் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், பழைய கூப்பன் அட்டை ஏதும் கிடக்கிறதா பாருங்க. பிரதி எடுத்துக்கொண்டு மட்டக்களப்பில் உள்ள காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அம்மாவையே கூட்டிப்போங்க. அவங்க வாயால் சொல்லிப் பதியட்டும். தள்ளிப்போடாதீங்க, கண்டவங்க குறைஞ்சுகொண்டே வாறாங்க.