வாசகர் கேள்வி – பதில்: பாரம்பரியப் பாதைக்கு வரும் பழைய ஷண்டிங் டீசல்

தொழிற்சாலைகள் கழித்துக்கட்டும் சின்ன ஷண்டிங் (வளாகத்துக்குள் வேகன்களை நகர்த்தும்) டீசல் என்ஜின்களை பாரம்பரிய (பழைமை காக்க ஓட்டும்) ரயில்பாதைகளில் ஓட்டுவது பற்றி இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: ஓசூர் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலை தனது 20 டன் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே 1 மீட்டர்) டீசல் என்ஜினை தெற்கே ஒரு பாரம்பரியப் பாதைக்குத் தரப்போகிறது. சாலை வழியாகக் கொண்டுபோகும்போது எதில் கவனம் வேண்டும்? – கிருஷ்ணகிரி வாசகர்

ப: முதலில் கிரேன். "50 டன் கிரேன் இருக்கிறது, 20 டன் தூக்காதா?" என்று கேட்பார்கள். 50 டன் என்பது கிரேனின் கையைச் சுருக்கி, சுமையை மிக அருகில் வைத்துத் தூக்கும்போது உள்ள கணக்கு. 8 மீட்டர் தள்ளி நின்று தூக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் போகலாம். கிரேன் நிற்கும் இடத்துக்கும் என்ஜின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, லோடு சார்ட்டை (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணையை) கையில் வாங்கிப் பார்த்த பிறகு வாடகை பேசுங்கள்.

ஸ்லிங்கின் (தூக்கும் கயிற்றின்) சாய்வும் முக்கியம். இரண்டு கால் ஸ்லிங் கிடைமட்டத்தோடு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமையில் 58 சதவீதம் விழும். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழுச் சுமையும் விழும். அந்தச் சாய்வில் ஸ்லிங் கேபினின் இரு பக்கத்தையும் உள்ளே நெரிக்கும், ஆகவே கால்களை அகட்டி வைக்கும் குறுக்குச் சட்டமான ஸ்பிரெடர் பீம் போட்டே தூக்க வேண்டும். ஃபிரேமில் தூக்குவதற்கென்று கொடுத்த இடத்தில் மட்டும் மாட்டுங்கள். பஃபரிலும் (முனையில் உள்ள மோதல் தாங்கியிலும்) படிக்கட்டிலும் மாட்டவே கூடாது.

லோ-பெட் ட்ரெய்லரில் ஏற்றியதும் ஆக்ஸில்பாக்ஸுக்கும் (சக்கர அச்சு முனையின் பேரிங் பெட்டிக்கும்) ஃபிரேமுக்கும் நடுவே மரக்கட்டை வைத்து ஸ்பிரிங் குதிக்காமல் செய்யுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்து, தளத்தோடு சேர்த்து ஆணியடிக்க வேண்டும் அல்லது வெல்டு வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பல வருடம் நின்ற என்ஜினில் பிரேக் ராடு பின்கள் தேய்ந்து லொடலொடவென்று இருக்கும்.

தேசிய நெடுஞ்சாலை 44இல் தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம். கனரக வண்டிகள் பிரேக் சூடாகி, பிடிமானம் போய் முன்னால் போகிறவர்கள் மீது மோதும் இடம் என்று இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இறக்கம் தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி சங்கிலி, ஆப்பு, டிரம் சூடு மூன்றையும் பார்த்துவிட்டு, கீழ் கியரில் பகல் வெளிச்சத்தில் இறங்கச் சொல்லுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் டிரைவரிடம் இந்தச் சுமையைக் கொடுக்காதீர்கள். ஓடிசி (அளவு மீறிய சுமைக்கான) அனுமதியையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கே: தொழிற்சாலைக்குள் சைடிங்கில் (கிளைத் தண்டவாளத்தில்) 300 மீட்டர் இழுத்துத்தான் கிரேனுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே கட்டி இழுக்கலாமா? – ஓசூர் வாசகர்

ப: கூடாது. முதலில் சக்கரத்தை என்ஜினிலிருந்து பிரியுங்கள். செயின் டிரைவ் என்றால் செயினைக் கழற்றுங்கள். ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன் என்றால் ஃபைனல் டிரைவை (சக்கரத்துக்கு முன் உள்ள கடைசி கியரை) நியூட்ரலில் வைத்து பின் போட்டுப் பூட்டுங்கள். கியர்பாக்ஸுக்கு எண்ணெய் தரும் பம்ப் பெரும்பாலும் என்ஜின் பக்கத்தில் இருந்துதான் சுற்றும். என்ஜின் நிற்க சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே பேரிங் உலர்ந்தே ஓடும்.

சக்கரங்களை வெளிப்பக்கம் சேர்க்கும் இணைப்பு ராடு உள்ள வகை என்றால் ஒரு பக்க ராடை மட்டும் கழற்றிவிட்டு நகர்த்தாதீர்கள். இரண்டு பக்கக் கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருப்பது, ஒரு பக்கம் டெட் சென்டரில் (தள்ளினாலும் சுற்றாத நிலையில்) நிற்கும்போது மறுபக்கம் தள்ளுவதற்காகத்தான். ஒரு பக்கம் இல்லாவிட்டால் ராடு வளையும். கழற்றினால் இரண்டையும் கழற்றுங்கள். ஆக்ஸில்பாக்ஸ் வடிகால் திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்து, புது எண்ணெய் ஊற்றிய பிறகு நடை வேகத்தில் இழுங்கள்.

கே: பத்து வருடமாக நின்ற என்ஜின். புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். – பாலக்கோடு வாசகர்

ப: தயவுசெய்து செய்யாதீர்கள். நின்றிருந்த பத்து வருடத்தைவிட அந்த முதல் சுற்று அதிகம் கெடுத்துவிடும்.

சைலன்சர் குழாய் வானம் பார்த்து நின்றிருந்தால் மழைத்தண்ணீர் இறங்கி, எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும் சிலிண்டருக்குள் நிறைந்திருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் தள்ளினால் கனெக்டிங் ராடு வளையும் அல்லது லைனர் (சிலிண்டரின் உள் உறை) வெடிக்கும். எனவே எல்லா நாசிலையும் (டீசல் தெளிப்பானையும்) கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு ஃபிளைவீல் துளையில் கடப்பாரை வைத்துக் கையாலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்று முடிந்தால்தான் எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடியிருக்கும். நாசில் துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். எங்கேயாவது தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள், நீளமான பைப் மாட்டி மிதிக்காதீர்கள்.

அடுத்தது சம்ப், அதாவது அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி. வடிகால் திருகை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீரா எண்ணெயா என்று தெரிந்துவிடும். பழைய எண்ணெயை எடுத்துவிட்டு, கிராங்க்கேஸ் (என்ஜின் அடிக்கூடு) கதவைத் திறந்து அடியில் படிந்த கருப்புச் சேற்றை வழித்துத் துடைக்க வேண்டும். சேற்றை விட்டுவிட்டு இன்றைய எண்ணெயை ஊற்றினால் அதிலுள்ள டிடர்ஜென்ட் எல்லாவற்றையும் கரைத்து எண்ணெய் வழிகளில் கொண்டுபோய் அடைக்கும். புது எண்ணெய் ஊற்றியதும் கை பம்ப்பால் அடித்து, ராக்கர் (மேலே வால்வைத் தள்ளும் கை) வரை எண்ணெய் ஏறுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஃபியூவல் பம்ப் ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி). பழைய டீசல் பிசினாகி ராக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு அடங்காமல் என்ஜின் வேகம் எகிறும். கவர்னர் இணைப்பைக் கழற்றிவிட்டு ராக்கை இரண்டு விரலால் நகர்த்திப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். ஸ்டாப் லீவரை இழுத்தால் டீசல் முழுதாக நிற்க வேண்டும். விரலுக்கு ஒட்டினால் பம்ப்பைக் கழற்றி ஓசூரிலோ சேலத்திலோ உள்ள டீசல் பம்ப் பட்டறையில் கேலிபரேஷனுக்குக் கொடுங்கள். அப்படிச் செய்த பிறகும், முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் காற்று உள்ளிழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் ரப்பர் ஒட்டிய இரும்புத் தகட்டோடு நிற்கட்டும். மேலே எகிறினால் வாயை மூட வேண்டியது அவர் வேலை. கையாலோ சாக்காலோ மூட நினைக்கக் கூடாது, அது உள்ளே இழுத்துக்கொண்டுவிடும்.

முதல் ஓட்டம் சும்மா 10 நிமிடம் போதும். நிறுத்தி கால் மணி நேரம் கழித்து கிராங்க்கேஸ் கதவைத் திறந்து ஒவ்வொரு பேரிங் தொப்பியையும் தொட்டுப் பாருங்கள். சூடான எண்ணெய்ப் புகைக்குள் உடனே காற்று புகுந்தால் தீப்பிடிக்கக்கூடும், அதனால்தான் அந்தக் காத்திருப்பு. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்த பேரிங்கைத் திறக்க வேண்டும்.

கே: ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா? – பென்னாகரம் வாசகர்

ப: நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பும் கடினமும் உள்ளது. லைனர் வெளிப்பக்கத்தில் சுண்ணாம்பாகப் படியும், வெப்பம் வெளியே வராது. பிடித்து வைத்த மழைத்தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீரில் துருத்தடுப்பு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்: ஜாக்கெட்டை (சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையை) நிறைத்து, சம்ப் காலியாக இருக்கும்போது ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் கிராங்க்கேஸ் கதவு வழியாக டார்ச் அடித்து ஒவ்வொரு லைனரின் அடி விளிம்பையும் பாருங்கள். ஒரே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தாலும் அடி ரப்பர் வளையம் போய்விட்டது என்று அர்த்தம். அது தெரியாமல் ஓட்டினால் எண்ணெய் பால்போல் வெளுத்து, பேரிங் முழுவதும் போகும்.

கே: என்ஜின் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. 20 நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடுகிறது. – காரிமங்கலம் வாசகர்

ப: டீசல் டேங்க் மூடியைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் டேங்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. ஷெட்டில் நின்ற வண்டியில் அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது சாதாரணம். மூடியைத் திறந்தும் நின்றால் ஃபில்டரையும் டேங்க் அடியில் உள்ள தண்ணீரையும் பாருங்கள்.

கே: மொரப்பூர்–தருமபுரி பழைய பாதையில் ஓடிய டீசல் என்ஜின் எதுவும் மிஞ்சியிருக்கிறதா? – மொரப்பூர் வாசகர்

ப: அது 1906இல் திறந்த 762 மி.மீ. குறுகிய பாதை. பின்னர் ஓசூர் வரை நீண்டு, இரண்டாம் உலகப் போரின்போது பிடுங்கப்பட்டது. ஓடியதெல்லாம் நீராவி என்ஜின்தான். மீட்டர் கேஜ் தொழிற்சாலை டீசலை 762க்கு மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றினால் ஆக்ஸில், சக்கரம், ஃபைனல் டிரைவ், பிரேக் எல்லாமே புதிது. அந்தச் செலவில் சரியான கேஜில் இன்னொரு என்ஜினைத் தேடுவது நல்லது.

கே: 88 குதிரைத்திறன், 20 டன் என்ஜின் எத்தனை பெட்டி இழுக்கும்? – தருமபுரி கல்லூரி மாணவர்

ப: பிரிட்டனின் ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தின் 88டிஎஸ் இந்த அளவுதான், பெயரில் உள்ள எண்ணே குதிரைத்திறன். கியர், செயின் வழியில் கால் பங்கு போனால் சக்கரத்துக்கு 66 வரும். இழுவிசைக்கு, குதிரைத்திறனை 270ஆல் பெருக்கி வேகத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சுமார் 1,780 கிலோ. 50க்கு 1 ஏற்றத்தில் டன்னுக்கு ஏற்றத்துக்காக 20 கிலோ, உருளும் தடைக்கு 5 கிலோ, ஆக 25. மொத்தம் 71 டன், என்ஜின் எடை போக 51 டன். ஆட்களோடு 15 டன் பெட்டி என்றால் மூன்று.

ஆனால் இழுப்பதைவிட நிறுத்துவதைத்தான் கேட்டிருக்க வேண்டும். தொழிற்சாலை என்ஜினில் பெரும்பாலும் என்ஜினுக்கு மட்டும்தான் பிரேக். அதே 71 டன் அதே சரிவில் 20 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது, என்ஜின் எடையில் 15 சதவீதம் பிடிமானம் கிடைத்தால் சுமார் 60 மீட்டரில் நிற்கும். தண்டவாளம் நனைந்து 10 சதவீதமானால் 120 மீட்டர். ஈர இலை அரைபட்டு 6 சதவீதத்துக்கு இறங்கினால் நிற்கிறதா என்பதே சந்தேகம். நடுவில் கொக்கி அறுந்தால் பின் பெட்டிகளுக்கு பிரேக்கே இல்லை. 1889இல் அயர்லாந்தின் ஆர்மாவில் ஏற்றத்தில் பிரித்துவிட்ட பெட்டிகள் பின்னோக்கி உருண்டு அடுத்த ரயிலில் மோதி ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். பயணிகள் ரயிலுக்கு எல்லாப் பெட்டியிலும் தானியங்கி பிரேக் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே பெட்டியில் வாக்யூம் பிரேக் இருந்தால் என்ஜினில் எக்ஸாஸ்டர் (காற்றை உறிஞ்சும் பம்ப்) மாட்டுங்கள். ஏர் பிரேக் என்றால் பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் தாங்கும் கம்பிரஸரும் டிரைவர் வால்வும் வேண்டும். பெல்ட்டில் ஓடும் எக்ஸாஸ்டர் என்ஜின் ஐடிலில் போதுமான வாக்யூம் பிடிக்கிறதா என்று ஸ்டேஷனில் நிற்கும்போதே சோதியுங்கள். இறக்கத்தில் என்ஜின் ஐடிலில்தான் இருக்கும்.

கே: தயாரிப்பாளர் தட்டு திருடுபோய்விட்டது. எந்த என்ஜின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – ஊத்தங்கரை வாசகர்

ப: என்ஜின் பிளாக்கில் உள்ள எண் வண்டியின் எண் அல்ல. பெயின்டைச் சுரண்டி ஃபிரேம் முனை, ஆக்ஸில் முனை, இணைப்பு ராடுகளில் பொறித்த எண்ணைப் பாருங்கள். மூன்றும் ஒன்றானால் சரி. ராடு மட்டும் வேறு எண் காட்டினால், வேறொரு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டது. சுரண்டுவது பெயின்டை மட்டும். சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பழைய வெள்ளைக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைக் கிரைண்டரால் தொடாமல், நனைத்து, முகமூடியோடு எடுத்துப் பையில் கட்டி வைத்து, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.