புல்குர் என்று வாங்கியது ஏன் குழைந்தது?

கேள்வி: துருக்கியின் கிசிரையும் (புல்குர் என்ற உடைத்த கோதுமையில் பிசறும் சாலட்) கொரியாவின் பிபிம்பாப்பையும் (காய்கறியும் மிளகாய் விழுதும் சேர்த்த சோற்றுக் கிண்ணம்) சேர்த்து, பூசணியும் மாதுளையும் போட்டு ஒரே கிண்ணமாகச் செய்ய ஆசைப்பட்டேன். இணையத்தில் ‘பொடி புல்குர்’ என்று போட்டிருந்த பொட்டலத்தை வாங்கினேன். வெந்நீர் ஊற்றி மூடிவைத்தேன். 20 நிமிடம் கழித்தும் பச்சையாகவே இருந்தது. அடுப்பில் ஏற்றினால் கஞ்சியாகிவிட்டது. தவறு என்னுடையதா?
- வாசகி, சென்னை

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், வந்தது நம் உப்புமாவுக்கு வாங்கும் கோதுமை ரவைதான். பச்சரிசிக்கும் புழுங்கல் அரிசிக்கும் உள்ள வேறுபாடே இங்கும். புல்குர் என்பது புழுங்கல் கோதுமை. கோதுமையை முழுதாக வேகவைத்து, உலர்த்தி, அதன்பிறகே உடைக்கிறார்கள். முன்பே வெந்துவிட்டதால் பொடி ரகம் வெந்நீரில் ஊறினாலே பதமாகும், உதிரியாகவும் நிற்கும். பச்சைக் கோதுமையை உடைத்து வேகவைத்தால் மாவு கரைந்து குழையும்.

துருக்கிப் பொட்டலங்களில் ‘கோஃப்தெலிக்’ என்பது பொடி, கிசிருக்கு உரியது. ‘பிலாவ்லிக்’ பெருவெட்டு, அதை அடுப்பில் வேகவைக்க வேண்டும். இங்கே பொட்டலமிடப்பட்டதென்றால், வேகவைத்து உலர்த்திய கோதுமை என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பணத்தை விட்டுவிடாதீர்கள். பொட்டலம், ரசீது, விற்பனைப் பக்கம் மூன்றையும் படமெடுத்து விற்றவருக்கு எழுதுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தொகை சிறியது என்று நாம் பேசாமல் இருந்தால், அதே பொட்டலம் அடுத்த வீட்டுக்கும் போகும்.

கேள்வி: கோச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது வாங்கப் போனால் எல்லா டப்பாவும் சிவப்பு. எதை எடுப்பது? துருக்கி மிளகாய் விழுதும் தனியாக வேண்டுமா? நாங்கள் சைவம்.

பதில்: டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் வரிசையில்தான் சேர்பொருள்களை அச்சிடுகிறார்கள். அரிசி, மிளகாய்த்தூள், நொதித்த சோயா ஆகியவை முன்னால் வருவது நல்ல விழுது. முதலிடத்தில் சோளப்பாகு இருந்தால் இனிப்புக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். பிழியும் குப்பியில் வரும் ‘சோ-கோச்சுஜாங்’ வினிகர் கலந்த தொடுசாறு. கிண்ணத்துக்கு அது வேண்டாம். மாட்டிறைச்சி சேர்த்து வதக்கிய கோச்சுஜாங்கும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் விற்கிறது. ஆகவே பச்சைப் புள்ளியைத் தேடுங்கள். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். ஹூண்டாய் ஆலை வந்தபின் சென்னையில் கொரிய மளிகைக் கடைகளும் வந்திருக்கின்றன. நேரில் போய்க் கையிலெடுத்துப் படித்து வாங்குவதே நல்லது.

துருக்கியின் ‘பிபெர் சால்ச்சா’ வெயிலில் வற்றவைத்த குடைமிளகாய் விழுது. அருமையான பொருள்தான். ஆனாலும் ஒரு கிண்ணத்துக்காக இரண்டு டப்பா திறக்க வேண்டியதில்லை. ஒரு மேசைக்கரண்டி கோச்சுஜாங்கையும் அதே அளவு தக்காளி விழுதையும் ஆலிவ் எண்ணெயில் லேசாக வதக்கி, எலுமிச்சை பிழிந்து, ஊறிய ஒரு கோப்பை புல்குரில் பிசறுங்கள். சுட்ட பூசணித் துண்டுகளை மேலே வையுங்கள். கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, நன்றாகப் பிழிந்து, பூண்டும் எள்ளெண்ணெயும் சேர்த்துப் பிசறி ஓரமாக வையுங்கள். பூண்டு சேர்த்த கெட்டித்தயிரும் மாதுளை முத்துகளும் கடைசியில். கோடையில் பூசணிக்குப் பதிலாக வெள்ளரிக்காய்.

எள்ளெண்ணெய் என்றதும் நல்லெண்ணெயை ஊற்றிவிட வேண்டாம். கொரியர்கள் எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள். அந்த வறுத்த மணம்தான் முக்கியம். இதற்கென ஒரு குப்பி வாங்காமல், எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கி நல்லெண்ணெயில் கலந்தாலும் வேலை முடியும்.

கேள்வி: மாதுளைப் பாகு இரு குப்பிகள் பார்த்தேன். ஒன்று மிக மலிவு. ஏன்?

பதில்: துருக்கிக் குப்பிகளில் ‘நார் எக்ஷிசி’ என்பது மாதுளைச் சாற்றைக் காய்ச்சி வற்றவைத்தது. ‘நார் எக்ஷிலி சோஸ்’ பெரும்பாலும் சர்க்கரைப் பாகு, சிட்ரிக் அமிலம், நிறம். மலிவுக்குப்பியில் இந்த இரண்டாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை வாங்குவதைவிட எலுமிச்சம்பழமே மேல்.