யார் கூட உட்கார்ந்து சாப்பிடுவோம்?

கேள்வி: தம்பி சர்ச்சுக்கு மாறி நாலு வருஷம் ஆச்சு. அம்மா காரியத்துக்கு வந்தவன் வாசல்லயே நின்னான், படைச்ச சோத்த தொடல, அன்னைலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சில்ல. என் மகன் மதம்னாலே சமூகத்துக்கு கெடுதின்றான். நிஜமா?
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அக்கா, உங்க மகன் சொல்றத தள்ளிவிட முடியாது, நம்ம தென்னாப்பிரிக்காவுலயே அதுக்கு சாட்சி இருக்கு. 1857ல இங்க குடியேறின வெள்ளக்காரங்களோட டச்சு ரிஃபார்ம்டு சர்ச்சுக்காரங்க கூடி, எல்லாரும் ஒரே சபையில ஒண்ணா உட்கார்ந்து ஆராதன பண்றதுதான் வேதப்படி சரி, ஆனா சிலரோட பலவீனத்தால தனித்தனியா வச்சுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. யாரோட பலவீனம்? கறுப்பு ஜனங்க பக்கத்துல உட்கார மாட்டேன்ன வெள்ளக்காரங்களோடது! 1881ல கலர்டுன்னு சொல்ற கலப்பின ஜனங்களுக்கு தனி சர்ச்சே வந்துடுச்சு, அப்புறம் நிறம் பார்த்து ஜனங்கள பிரிச்சு வச்ச அபார்த்தைட் ஆட்சி காலத்துல அதே டச்சு சர்ச்சு பைபிள கையில வச்சுக்கிட்டே அதுக்கு ஞாயம் சொல்லுச்சு. டர்பன்ல இருக்கற கேட்டோ மேனர்லேர்ந்து நம்ம குடும்பங்கள கிளப்பி உங்க சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினது அந்த ஆட்சிதான்.

ஆனா மகன்கிட்ட மிச்சத்தையும் சொல்லுங்க. அந்த ஒதுக்கி வச்ச சர்ச்சு ஜனங்கதான் 1982ல கேப் டவுன் பக்கம் பெல்ஹார்ல உட்கார்ந்து, நிறம் பார்த்து பிரிக்கறது விசுவாசத்துக்கே விரோதம்னு எழுதினாங்க. டெஸ்மண்ட் டுட்டு பிஷப்பு அங்கி போட்டுக்கிட்டுதான் அபார்த்தைட்ட எதிர்த்து தெருவுல இறங்கினார். 1860லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்ம பாட்டன் பூட்டன் மண்ணால கோயில் கட்டி மாரியம்மன கும்பிடலன்னா அந்த பாரக்ஸ் (கூலிக்காரங்க லைன் வீடு) வாழ்க்கைய எப்படி தாங்கியிருப்பாங்க, எனக்குத் தெரியல.

அதனால நான் சாமி எதுன்னு பார்க்கறதில்ல, பக்கத்துல யார உட்கார விடுறாங்கன்னுதான் பார்ப்பேன். இதுல நம்மளும் சுத்தம் இல்ல. எங்க சித்தி மக சர்ச்சுக்காரர கட்டிக்கிட்டப்போ எங்க வீட்டுல அவளுக்கு தனி டம்ளர் வச்சாங்க, நானும் பார்த்துக்கிட்டு சும்மா இருந்தேன், இன்னைக்கும் அது உறுத்துது.

உங்க தம்பி படைச்சத சாப்பிடாதது உங்க மேல உள்ள வெறுப்பு இல்லக்கா, அவங்க சர்ச்சுல அது கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. ஆனா அம்மா காரியத்துல வாசல்லயே நின்னது தப்பு, அத அவன்கிட்ட நேரா சொல்லுங்க. அம்மா திதிக்கு அவனுக்கு நீங்களே போன் பண்ணுங்க, படைக்கறதுக்கு முன்னாடியே ஒரு சட்டி சோறும் பருப்பும் தனியா எடுத்து வச்சுடுங்க, எல்லாரோடயும் ஒரே மேசையில உட்கார வச்சு போடுங்க.