தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஈறு நோய் பற்றி எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்தால் போதும்?

பல் மருத்துவராகப் பள்ளி முகாம்களுக்கும் ஆசிரியர் பயிற்சிகளுக்கும் போய்வருகிறேன். சொத்தை பற்றி ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். இனிப்பு, கிருமி, அமிலம், ஓட்டை என்று வரிசை பிசகாமல் சொல்லிவிடுவார்கள். ஈறுக்கு வந்தால்தான் தடுமாற்றம். "பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் என்ன காரணம்?" என்று கேட்டால் முதலில் வரும் பதில், வைட்டமின் சி குறைபாடு. அடுத்தது, பிரஷ் முரடாக இருக்கும்.

இரண்டும் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் பார்க்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் வேறு: பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படியும் கிருமிப் படலம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தால் வழித்தால் வெள்ளையாகக் கொழகொழவென்று வரும். 1965-இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரின் குழு, ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னது. 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி ஒழுங்காகச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் கொஞ்ச நாளிலேயே சரியாகிவிட்டது. பல் மருத்துவப் படிப்பில் இந்தச் சோதனையைத் தாண்டாமல் யாரும் வெளியே வர முடியாது. ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஏன் இரண்டு நிமிடம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காரணம் தெரியாததால் வரும் சேதம், அறிவுரையில்தான் தெரியும். "ரத்தம் வருதா? அந்தப் பக்கம் ரெண்டு நாள் தேய்க்காம விடும்மா" என்று ஒரு டீச்சர் அக்கறையோடு சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். தேய்க்காமல் விட்டால் படலம் கூடும், வீக்கம் கூடும், ரத்தமும் கூடும். அந்த வயதுப் பிள்ளைக்கு அம்மா சொல்வதைவிட "மிஸ் சொன்னாங்க" என்பதற்குத்தான் மதிப்பு. வீட்டில் யாராலும் அதை மாற்ற முடியாது. ரத்தம் வரும் இடத்தை மென்மையான பிரஷால் அழுத்தாமல், ஆனால் விடாமல் தேய்க்க வேண்டும். அப்படிச் செய்தும் இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தானாகவே ரத்தம் கசிந்தாலோ, உடம்பில் வேறெங்காவது காயமில்லாமல் கன்றிப்போயிருந்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் ஆசிரியருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். நோயைக் கண்டுபிடிக்கும் வேலை எங்களுடையது.

பார்க்கப் பழகிக்கொள்வதும் கஷ்டமில்லை. நல்ல ஈறின் ஓரம் மெலிந்து பல்லோடு ஒட்டியிருக்கும். இரு பற்களுக்கு நடுவில் கூராக முடியும். வீங்கிய ஈறு பளபளவென்று சிவந்து, அந்தக் கூர் மழுங்கி உருண்டு நிற்கும். ஈறு கறுப்பாகவோ பழுப்பாகவோ இருப்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிடாதீர்கள். பலருக்கு அது பிறவி நிறம். வாயால் மூச்சு விடும் பிள்ளைகளுக்கு மேல் முன்பல் ஈறு மட்டும் காய்ந்து தடித்திருக்கும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களிடம் நான் தனியாகச் சொல்வது ஆறு வயதுக் கடைவாய்ப்பல் பற்றி. பால் பல் எதுவும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் அது முளைத்துவிடும். அதனால் அதையும் பால் பல் என்று நினைத்து "விழப்போறதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். முளைக்கும்போது மேலே பாதி மூடிய ஈறு வலிக்கும். பிள்ளை அந்த மூலைக்கு பிரஷையே கொண்டுபோகாது. ஈறும் வீங்கும், பல்லும் சொத்தையாகும். வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல் அது.

வாய் நாறுகிறது என்று பிள்ளையை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே திறக்காது, முகாமில் எங்களிடமும்.

இன்னொன்று. பயிற்சி முடிந்ததும் தனியே வந்து கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றியவை அல்ல. "டாக்டர், க்ளீனிங் பண்ணினா பல் ஆடிடுமாமே?" என்றுதான் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உலகில் 100 கோடிப் பெரியவர்களுக்கு மேல் தீவிர ஈறு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. ஆசிரியர்கள் அதற்கு விலக்கா என்ன? க்ளீனிங்கால் பல் ஆடாது. பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்த இடத்தில் காரை, அதாவது கல்லாக இறுகிப்போன கிருமிப் படலம், பல்லை ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் பயிற்சியைத் தொடங்கும்போதே ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் காரை முதலில் பிடிப்பது அந்த இடத்தில்தான்.