வீட்டில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினையோ என்ற சந்தேகம்: கேள்வி பதில்

கேள்வி: தம்பிக்கு 20 வயது. ஒன்றரை மாதமாக வகுப்புக்குப் போவதில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் அறையை விட்டு வருகிறான். அப்பா சோம்பேறித்தனம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பதில்: சோம்பேறிக்குப் பிடித்தது பிடித்தபடியே இருக்கும். பாடத்தைத் தொடாதவன் விளையாட்டையும் நண்பர்களையும் விடமாட்டான். மனச்சோர்வில் அவையும் போய்விடும். நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரம் தொடர்ந்து மனவாட்டமோ எதிலும் நாட்டமின்மையோ இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம் கெட்டிருந்தால் மருத்துவரிடம் போக அதுவே போதும். நோய்க்குப் பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை.

உங்கள் வேலை, தேதி போட்டு எழுதி வைப்பது. எத்தனை மணிக்குப் படுத்தான், எழுந்தான், எத்தனை வேளை சாப்பிட்டான், குளித்தானா, என்ன சொன்னான். "சரியாகத் தூங்குவதில்லை" என்று எழுதினால் பயனில்லை. "இந்த வாரம் நான்கு இரவு விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் தூங்கினான்" என்று எழுதுங்கள். விநோதமாக ஏதாவது சொன்னால் அவன் வாக்கியத்தையே எழுதுங்கள், உங்கள் விளக்கம் வேண்டாம். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் ஏராளம். அப்போது கைகொடுப்பது அந்த ஒரு பக்கம்தான்.

இந்த வயதில் இன்னொன்றையும் கவனியுங்கள். தனியாகப் பேசுகிறானா, காரணமில்லாமல் சிரிக்கிறானா, யாரோ கண்காணிப்பதாகச் சொல்லி ஜன்னலை மூடுகிறானா? இல்லாத குரல் கேட்பதும் ஆதாரமில்லாத சந்தேகமும் வரும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்குள் தலைகாட்டும். ஆரம்பத்தில் வெறும் ஒதுங்கலும் படிப்பில் சரிவுமாகத்தான் தெரியும். போதைப் பழக்கம் உண்டா என்று சண்டைக்கு இழுக்காமல் கேளுங்கள். தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்; இவையும் ஆளை இப்படிச் சோர்த்துப்போடும்.

கேள்வி: அம்மாவுக்கு 74. மூன்று நாளாக, வீட்டுக்குள் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். சாயங்காலமானால் அதிகம். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகலாமா?

பதில்: முதலில் பொது மருத்துவமனைக்கு, இன்றைக்கே. முதியவருக்குச் சில நாளில் திடீரென்று புத்தி தடுமாறினால் உடம்பில் காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. தூக்க மாத்திரையும் சில சளி, அலர்ஜி மாத்திரைகளும்கூட இதைச் செய்யும். வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டார் தண்ணீரில் விஷம் கலப்பதாக அண்ணன் சொல்கிறார். குரல்கள் கேட்கிறதாம். மருத்துவர் என்றாலே "எனக்கென்ன பைத்தியமா" என்று கத்துகிறார்.

பதில்: தனக்கு நோய் இருப்பது தெரியாமலிருப்பது பல நேரம் அந்த நோயின் ஒரு பகுதி. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு ஆதாரம் காட்டி வாதாடினால், நீங்களும் எதிரிகளோடு சேர்ந்துவிட்டதாக முடிவு கட்டுவார். "ஆமாம், விஷம்தான்" என்று ஒத்து ஊதினால் பயம் உறுதிப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது."

அவரே குறையாகச் சொல்வது எது என்று பாருங்கள். தூக்கமில்லை, தலை பாரமாக இருக்கிறது, எந்நேரமும் பதற்றம். "தூக்கத்துக்கு மட்டும் ஒரு தடவை காட்டிவிட்டு வருவோம்" என்றால் பலர் வருவார்கள். அவர் அதிகம் நம்பும் ஒருவர் மட்டும் பேசட்டும். குடும்பமே சுற்றி நின்று சொன்னால் விசாரணை மாதிரி ஆகிவிடும். கோயிலுக்கு என்று பொய் சொல்லி மருத்துவமனையில் இறக்கிவிடுவது ஒரு தடவைதான் பலிக்கும். அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் வண்டியில் ஏறமாட்டார்.

அப்படியும் வரவில்லையென்றால் நீங்கள் மட்டும் போய் மருத்துவரைப் பாருங்கள். அண்ணன் சொன்னதை உங்களிடம் சொல்லாமலிருக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு. நீங்கள் சொல்வதைக் கேட்க எந்தத் தடையும் இல்லை. அடிக்கப் பாய்ந்தாலோ, சாப்பாடும் தண்ணீரும் நாள்கணக்கில் மறுத்தாலோ, அந்தக் குரல்கள் "இதைச் செய்" என்று உத்தரவிட்டாலோ காத்திருக்காதீர்கள். அது அவசர சிகிச்சைக்குரிய நிலை.

அதே வாசகர்: தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா? உறவினர் சொன்னார்.

பதில்: வேண்டாம். பாதித் தட்டு மிச்சம் வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. விறைப்பு, நடுக்கம் போன்ற பக்கவிளைவு வந்தால் காரணம் தெரியாமல் அவர் மிரண்டுபோவார். கண்டுபிடித்துவிட்டாலோ, விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி. ஊசியாகச் சில வாரத்துக்கு ஒருமுறை போடும் மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

கேள்வி: மனைவி மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிப் பத்து நாள். குமட்டல்தான் மிச்சம். நிறுத்திவிடலாமா?

பதில்: பக்கவிளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். குமட்டலும் தலைவலியும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கலாமா என்று கேளுங்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வது வழக்கம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாக.

ஒன்றை மட்டும் உடனே தெரிவியுங்கள்: மாத்திரை தொடங்கியபின் தூக்கமே இல்லாமல் களைப்பும் இல்லாமல், பேச்சும் செலவும் தாறுமாறாகப் போனால், அது மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோயாக இருக்கக்கூடும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: மகள் "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி" என்றாள். நேரடியாகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டது மாதிரி ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா?" ஆமென்றால் அழுது ஆர்ப்பாட்டம் செய்யாமல் அடுத்ததையும் கேளுங்கள்: எப்படி என்று யோசித்திருக்கிறாளா, எப்போது, அதற்கானதைத் தயார் செய்திருக்கிறாளா, முன்பு முயன்றிருக்கிறாளா? வழியும் நேரமும் யோசித்திருந்தால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு. தாமதமாகும் என்றால் அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

யோசிக்கவில்லை என்றாலும் இன்றே மாத்திரைகளைப் பூட்டுங்கள், பாட்டியின் சர்க்கரை மாத்திரை உட்பட. பூச்சிக்கொல்லி இருந்தால் வீட்டைவிட்டே அகற்றுங்கள். உச்சகட்ட உந்துதல் பல நேரம் சிறிது நேரமே நீடிக்கும். கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லையென்றால் அந்த நேரம் கடந்துவிடும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: கணவர் பைபோலாருக்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறார். நான் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை, கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து. வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பில் நீர் வற்றுதல், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கை பெரிதாக நடுங்கி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: மனச்சிதைவிலிருந்து தேறிவரும் மகனை நான் ஒரு நிமிஷம்கூடத் தனியே விடுவதில்லை. அவன் எரிந்து விழுகிறான்.

பதில்: அவன் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. லண்டனில் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. குறை சொல்வதும், விரோதமும், அளவுமீறிய தலையீடும் உள்ள வீட்டில், வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியது. நோய்க்குக் குடும்பம் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. மாத்திரை வேளையைத் தவிர மற்றதற்கு நினைவூட்டாதீர்கள். "எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்கிறாய்" என்பதை விட்டு, "பத்து மணிக்குத் துணி மடிக்க வருகிறாயா" என்று ஒரு வேலையை மட்டும் கேளுங்கள். தினம் இரண்டு மணி நேரமாவது ஆளுக்கொரு அறையிலோ, நீங்கள் வெளியிலோ இருங்கள்.